ஐந்தாவது துண்டு

வட்டமான ஒரு ஆம்லெட்டை நான்காக வெட்டுவது பெரிய வித்தை இல்லை. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, முடிந்தது. ஐந்தாக வெட்டுவதற்குத்தான் கை வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஒரு துண்டு பெருத்துவிடும், இன்னொன்று சூம்பிப் போகும். டப்பாம்மாவுக்கு அந்தக் கை மூன்று மாதத்தில் வந்துவிட்டது. அடுப்பை அணைத்து, தோசைத் திருப்பியின் முனையை நடுவில் ஊன்றி, கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் வெட்டினால் ஐந்து துண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

டப்பாம்மா என்பது அந்தக் கட்டடம் அவளுக்கு வைத்த பெயர். மூன்றாவது மாடியில் ஒரு அறையும் சமையலறையும் அவள் வீடு. அந்தக் கட்டடத்தில் வேலைக்குப் போகிற அம்மாக்கள் நிறைய. காலையில் பிள்ளையைக் கிளப்புவதே அவர்களுக்குப் பெரும்பாடு, சோறு கட்ட எங்கே நேரம்? அதனால் நான்கு பிள்ளைகளுக்கு மதியச் சோறு இவள் பொறுப்பு. இரண்டாம் மாடி நர்ஸின் மகள், முதல் மாடி இரட்டைப் பையன்கள், தரைத்தளத்து மருந்துக்கடைக்காரரின் கடைக்குட்டி. பதினோரு மணிக்குள் சமைத்து, டப்பாக்களில் அடைத்து, பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடத்துக் கேட்டில் சூடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வீடுகள் அரிசியும் பருப்பும் காயும் அனுப்பும், கைக்கூலியும் தரும். அவளுடைய மகளும் அதே பள்ளிதான். அதே பானையிலிருந்து அவளுக்கும் ஒரு டப்பா கட்டிக்கொள்ளலாம் என்பது ஆரம்பத்திலேயே எல்லோரும் ஒத்துக்கொண்ட பேச்சு. முட்டை மட்டும் அந்தந்த வீட்டுச் சொத்து. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஐந்து முட்டை என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும், வாரத்துக்கு. தன் மகளுக்கான ஐந்தை டப்பாம்மா கடையில் வாங்கி அதோடு சேர்த்துக்கொள்வாள்.

மகளுக்குப் பத்து வயது. ஆள் அளவைப் பார்த்துக் கடுகு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அப்படியே நிலைத்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் கடுகின் அப்பாவுக்கு வேலை செய்கிற இடத்தில் கை வெந்துபோனது. அவர் வெல்டர். வலது கை, முழங்கை வரை. அன்றிலிருந்து கட்டோடு கட்டிலில் இருக்கிறார். வீட்டில் முதலில் நின்றது பால், அடுத்தது கடுகின் முட்டை.

முட்டை நின்ற முதல் நாள் விடுமுறை, சிறப்பு வகுப்பு மட்டும்தான், அதுவும் பதினொன்றரைக்கு. டப்பா கட்டும்போது கடுகு வீட்டில் இருந்தாள். நான்கு அவித்த முட்டைகளை அம்மா உரித்து நான்கு டப்பாக்களில் வைத்ததையும், ஐந்தாவது டப்பாவை அப்படியே மூடியதையும் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். கேட்கவில்லை. கேட்டிருந்தால் டப்பாம்மா ஒரு அதட்டு அதட்டி அனுப்பியிருப்பாள், இந்தக் கதையும் இருந்திருக்காது.

மறுநாளிலிருந்து அவித்த முட்டை ஆம்லெட் ஆனது. நான்கு முட்டையை உடைத்து, வெங்காயத்தை அள்ளிப் போட்டு, அரைக் கரண்டி தண்ணீர் விட்டு அடித்தால் பெரிய கல் நிறையப் பரவும். ஐந்தாவது துண்டை முதலில் கடுகின் டப்பா அடியில் வைத்து, மேலே சோறு போட்டு அமுக்கி, அதன்மேல் பருப்பும் காயும். மற்ற நான்கு டப்பாக்களில் சோற்றுக்கு மேலே ஊரறிய ஒரு துண்டு. இரட்டைப் பையன்களுக்கு வாய் நீளம், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

"உனக்கு மட்டும் அடியில ஒண்ணு வெச்சிருக்கேன்" என்று மகளிடம் சொன்னாள். "மேல இருந்து சாப்பிட்டுக்கிட்டே வா, கடைசியில கிடைக்கும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு."

கடுகுக்கு விளையாட்டு பிடித்துப்போனது. டப்பா தினமும் வழித்து நக்கிய மாதிரி காலியாக வந்தது. திருட்டு என்ற சொல் டப்பாம்மாவின் மனதில் ஒருநாளும் வரவில்லை. பங்கு என்றுதான் நினைத்துக்கொண்டாள். நாம் செய்வதற்கு நாமே வைக்கிற பெயர் எப்போதும் கொஞ்சம் மரியாதையாகத்தான் இருக்கும்.

ஐந்து டப்பாவும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை. அடையாளத்துக்கு நர்ஸ்தான் ஒரு யோசனை சொல்லி, மூடிகளில் சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைத்துக் கொடுத்தாள். தன் மகளுக்கு ஒரு புள்ளி, பையன்களுக்கு இரண்டும் மூன்றும், கடைக்குட்டிக்கு நான்கு. கடுகின் மூடி மொட்டை. டப்பாம்மா பாத்திரம் தேய்த்தால் கம்பி நார் பாதியாகத் தேயும், அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. தேய்த்துத் தேய்த்து அந்த ஒற்றைப் புள்ளி போயே போய்விட்டது.

மழை பிடித்த ஐந்தாம் நாள். துவைத்த துணி அறைக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கி, வீடு முழுக்க ஈரவாடை. பதினோரு மணிக்குக் கரண்டும் போனது. டப்பாம்மா அடுப்பு வெளிச்சத்திலேயே அடைத்தாள். வெல்டரை ஒரு மணிக்குக் கட்டு மாற்றக் கூட்டிப்போக வேண்டும், அந்த அவசரம் வேறு. இரண்டு மொட்டை மூடிகள் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஐந்தையும் பையில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி, கேட்டில் நின்ற மகளிடம் பையை நீட்டினாள்.

"ஒரு புள்ளி எங்கம்மா?" என்றாள் கடுகு, பையை விரித்துப் பார்த்து.

"எல்லாம் இருக்கு, போ. நனையாதே."

கேட்டிலிருந்து பிள்ளைகள் சாப்பிடுகிற தகரக் கொட்டகை முப்பது அடி. கடுகு ஓடினாள். மொட்டை மூடி இரண்டில் கைக்கு வந்ததை நர்ஸின் மகளிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தான் எடுத்துக்கொண்டாள். திறந்தால், ஆம்லெட் மேலேயே இருக்கிறது. அம்மா இன்றைக்கு விளையாட்டை மாற்றிவிட்டாள் என்று நினைத்து, சந்தோஷமாக முதல் வாயிலேயே அதைக் கடித்தாள்.

"ஏய், உனக்கு ஏது முட்டை?" என்றான் இரட்டையரில் மூத்தவன். "உனக்குத்தான் முட்டை கிடையாதே."

"எனக்கு இல்லையே" என்றாள் நர்ஸின் மகள், தன் டப்பாவைக் காட்டி. கரண்டியால் சோற்றைக் கிளறினாள். "இரு, இருக்கு. அடியில இருக்கு. ஏன் அடியில வெச்சிருக்காங்க?"

பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயத்தில் மூளை மின்னலாக வேலை செய்யும். இரட்டையர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டப்பா மாறியிருக்குடா. அது கடுகோடது. அப்ப இவளுக்குத் தினமும் அடியில ஒண்ணு இருக்கும்போல. எங்க முட்டைதானே அது? திருடி."

கடுகு மெல்வதை நிறுத்திவிட்டாள். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு நர்ஸ் படியேறி வந்தாள். இரவுப் பணிக்குக் கிளம்பிய உடுப்பு, ஒரு கையில் மகள் பையில் போடாமல் வீட்டுக்கே கொண்டுவந்த டப்பா, கழுவியது, இன்னொரு கையில் நெயில் பாலிஷ் குப்பி.

"அக்கா, டப்பா மாறிடுச்சு. நான் வெச்ச புள்ளி அழிஞ்சு போச்சு போல. இங்கயே வெச்சுக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"நான் கவனிக்கவே இல்ல சிஸ்டர். கரண்டு வேற இல்லையா, கண்ணே தெரியலை."

"பரவாயில்ல." நர்ஸ் வாசலிலேயே உட்கார்ந்து மூடியைத் துடைத்தாள். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சோத்துக்கு அடியில ஆம்லெட் இருந்துச்சாம். அதை ஏன் ஒளிச்சு வெக்கறாங்கன்னு பாப்பா கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. உங்களையே கேட்டுடலாம்னு வந்தேன்."

குரலில் கோபம் இல்லை. சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். டப்பாம்மாவின் கண் அறையைச் சுற்றியது. கட்டிலில் புருஷன். ஈரத்துணிக்குக் கீழே தரையில் குனிந்து வீட்டுப்பாடம் எழுதுகிற மகள். அந்த மகளிடம் போய்க் கண் நின்றது.

"இவ வேலையாத்தான் இருக்கும் சிஸ்டர். கேட்டுல பையை வாங்கிட்டுப் போறது இவதானே. போற வழியில எல்லார் டப்பாவையும் திறந்து கொஞ்சம் கொஞ்சம் பிச்சு, தன்னோடதுல ஒளிச்சு வெச்சிருப்பா. சின்னப் பிள்ளை, புத்தி போகுது பாருங்க."

பென்சில் நின்றது. கடுகு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள், பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

"ஆமா ஆன்ட்டி. நான்தான்."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூடியில் ஒரு புள்ளி வைத்து, வாயால் ஊதிக் காயவைத்து, டப்பாவை உள்ளே நகர்த்தினாள்.

"சரி கண்ணு" என்றாள். "பசிச்சா வீட்டுக்கு வா." குப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கட்டிலிலிருந்து வெல்டர் எழுந்து உட்கார்ந்தார். வேலைக்குப் போகாத ஆம்பளை வீட்டு விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு மூன்று மாதமாக ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்.

"அவளா எடுத்தா?"

டப்பாம்மா கீழே உட்கார்ந்தாள். துவரம்பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரி முறத்தை இழுத்துவைத்துக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"இல்ல."

"நீதானே?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்களே. நாலு பிள்ளைங்க முன்னாடி இவ மட்டும் வெறுஞ்சோறு தின்னா எனக்கு எப்படி இருக்கும்? ஆளுக்கு ஒரு வாய் குறைஞ்சா அதுங்க ஒண்ணும் இளைச்சுப் போகாது."

"அதை நான் கேக்கலை. எடுத்தே, சரி, நானும் சம்பாதிக்கலை, உன்னைக் கேக்க எனக்கு வாய் இல்ல. அவ தலையில ஏன் தூக்கிப் போட்ட?"

"வாயில வந்துடுச்சுங்க."

"எங்கிருந்து வந்துச்சு?" என்றார் அவர். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சோறு போட்டபோது கடுகு எப்போதும்போலச் சாப்பிட்டாள். அழுதிருந்தால் டப்பாம்மாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மகள் தட்டைக் கழுவுகிற இடத்துக்கு டப்பாம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஏன்டி ஆமான்னு சொன்ன?"

"நீதானேம்மா சொன்ன."

"நான் சொன்னா? நீ இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல."

கடுகு தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்த்தாள். தேய்க்கிற விதம் அப்படியே அம்மாதான். "நான்தானேம்மா தினமும் சாப்பிட்டேன். அப்ப நான்தானே."

டப்பாம்மாவுக்குக் காதெல்லாம் சுட்டது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். பிள்ளையிடம் "இல்லடி, நான்தான்" என்று சொல்ல இரண்டே சொல் போதும். அது அன்றைக்கு வரவில்லை.

மறுநாள் காலை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். காலையில் நர்ஸ் பணி முடிந்து படியேறுகிற சத்தம் கேட்டது, கதவைத் திறக்கவில்லை. பாவம், களைத்து வந்திருப்பாள், தூங்கட்டும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பதிலாக நான்கு முட்டைகளை அவித்தாள். உரித்து, முழுசு முழுசாக நான்கு டப்பாக்களில் சோற்றின் நடுவே நட்டுவைத்தாள். ஐந்தாவது டப்பாவில் சோறு, பருப்பு, வதக்கிய கேரட். அடியில் ஒன்றும் இல்லை. இப்படிச் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவள் மனது சொன்னது. மனது சொல்வதை நம்பித்தானே இவ்வளவும்.

மழை விட்டிருந்தது. பையைக் கொடுத்துவிட்டு அன்று டப்பாம்மா உடனே திரும்பவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நின்றாள்.

பையன்கள் பெஞ்சின் ஒரு கோடிக்கு நகர்ந்து, டப்பாவை முழங்கையால் வளைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூத்தவன் மூடியைத் திறந்து, முட்டையை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான்.

"முழுசா இருக்குடா. இன்னைக்குத் திருடி கை வெக்கலை."

கடைக்குட்டியும் தன் முட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நர்ஸின் மகள் மட்டும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் கடுகின் பக்கத்தில் போய் உட்காரவும் இல்லை. கடுகு தூண் ஓரமாகத் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். மேலிருந்து சாப்பிடவில்லை. கரண்டியை நேராக நடுவில் குத்தி, சோற்றை ஒதுக்கி ஒதுக்கிக் கிணறு மாதிரி தோண்டினாள். தகரம் தெரிகிறவரை தோண்டினாள். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள். அப்புறம் நிம்மதியோ ஏமாற்றமோ, அது எதுவென்று முப்பது அடி தூரத்திலிருந்து தெரியவில்லை, சோற்றைத் திரும்பத் தள்ளி மூடிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

டப்பாம்மா கம்பியை விட்டாள். கையில் துரு ஒட்டியிருந்தது. நேரே கட்டடத்துக்கு வந்து, இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினாள். நர்ஸ் தூக்கக் கலக்கத்தில் திறந்தாள்.

"என் பொண்ணு எடுக்கலை சிஸ்டர். நான்தான். ஆம்லெட்டை அஞ்சா வெட்டினது நான். மூணு மாசமா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, விளையாட்டுன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

"உள்ள வாங்க."

"வேணாம், இங்கயே நிக்கறேன்."

"எனக்கு நேத்தே தெரியும் அக்கா" என்றாள் நர்ஸ். "கேட்டுக்கும் கொட்டகைக்கும் முப்பது அடி. கொட்டற மழையில, அதுக்குள்ள நாலு டப்பாவைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சம் பிச்சு, ஒரே துண்டா ஒட்டி, சோத்துக்கு அடியில வெச்சு, மேல பருப்பு கலையாம மூடணும். நான் தினமும் ஊசி போடற கைக்காரி, என்னால முடியாது அது."

"அப்புறம் ஏன் நீங்க ஒண்ணும் சொல்லாம போனீங்க?"

"நீங்களா வருவீங்களான்னு பார்த்தேன். காலையில படியேறும்போதும் மேல உங்க கதவு திறக்குதான்னு காது குடுத்துக்கிட்டேதான் வந்தேன்."

டப்பாம்மா தரையைப் பார்த்தாள். "உங்ககிட்ட கேட்டிருக்கலாம். கேக்க வெக்கமா இருந்துச்சு."

"கேக்க வெக்கம். எடுக்க இல்ல." நர்ஸ் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சொன்னபிறகு அவளுக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும், கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "முட்டைக்காக எனக்குக் கோவம் இல்லக்கா. அந்தப் பிள்ளை 'ஆமா'ன்னு சொன்னா பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அங்க நாலு பேர் நடுவுல திருடின்னு பேர் வாங்கிட்டு உக்காந்திருக்காளே, அதுங்ககிட்ட யார் சொல்றது? நான் சொன்னா அது நல்லா இருக்காது."

நான்கு மணிக்கு டப்பாம்மா மறுபடி கேட்டில் நின்றாள். பெரியவர்களிடம் தப்பை ஒத்துக்கொள்வது ஒரு விதம், அவர்கள் பாதியில் "விடுங்க, போகட்டும்" என்று ஏதாவது சொல்லிக் காப்பாற்றிவிடுவார்கள். பிள்ளைகள் அப்படி இல்லை. கடைசிவரை வாய் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். புத்தகப் பையோடு வெளியே வந்த ஐந்து பேரையும் அவள் சுவரோரம் நிறுத்தினாள். பெற்றோர்கள் இரண்டு மூன்று பேர் பக்கத்தில் நின்றார்கள், நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. கடுகு உங்க முட்டையை எடுக்கலை. நான் எடுத்தேன். உங்க நாலு பேரோடதுலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து இவ டப்பாவுல ஒளிச்சு வெச்சேன். இவளுக்கே தெரியாது அது உங்களோடதுன்னு. மாட்டிக்கிட்டதும் இவ மேல பழியைப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

"ஏன் ஆன்ட்டி எடுத்தீங்க?" என்றான் இரட்டையரில் இளையவன்.

"எங்க வீட்டுல முட்டை வாங்க முடியலைப்பா."

"கேட்டிருந்தா எங்கம்மா குடுத்திருப்பாங்களே."

"கேக்கலை."

மூத்தவன் காலால் மண்ணைக் கிளறினான். "நாங்க இவளைத் திருடின்னு சொல்லிட்டோமே."

"அதை இவகிட்ட சொல்லு."

அவன் கடுகைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் "சாரி" என்றான். கடைக்குட்டி இவ்வளவு நேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்தவள், டப்பாம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, அப்ப நாளைக்கு ஆம்லெட்டா, அவிச்சதா?"

"அவிச்சது."

"எனக்கு உள்ள இருக்கற மஞ்சள் பிடிக்காது."

முதல் மாடி வீடு அடுத்த வாரமே பையன்கள் டப்பாவை நிறுத்திவிட்டது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு டப்பாவையும் கழுவிப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். டப்பாம்மாவும் போய்க் கேட்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று யார் சொல்வது?

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகள் முன்னால் போய்விட, அம்மாவும் மகளும் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். காலி டப்பாக்கள் பைக்குள் இடித்துக்கொண்டன. கடுகு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டடி தள்ளியே வந்தாள்.

"ஏம்மா சொன்ன? இனிமே உன்னைத்தானே சொல்வாங்க."

"சொல்லட்டும்."

"கேட்டுக்கு வந்தா உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்டி. உன்னைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கலை. நான் சொன்னது." டப்பாம்மா மூக்கைச் சிந்தினாள். "நேத்து ராத்திரியே உன்கிட்ட சொல்லியிருக்கணும். தப்பு உன்னோடது இல்ல. நீ சாப்பிட்டதும் தப்பு இல்ல."

கடுகு இன்னும் தள்ளியேதான் நடந்தாள். கட்டடத்து வாசல் வரை அப்படியே வந்தாள். முதல் படியில் கால் வைத்தபிறகு திரும்பினாள்.

"நாளைக்கு என் டப்பாவுல என்ன?"

"எல்லாருக்கும் என்னவோ அதுதான். முட்டை மட்டும் இருக்காது. அப்பாவுக்குக் கை ஆறட்டும், வாங்கலாம்."

"முட்டை வேணாம்மா" என்றாள் கடுகு. "எது வெச்சாலும் மேல வையி. அடியில மட்டும் எதையும் வைக்காதே."

டப்பாம்மா தலையை ஆட்டினாள். கடுகு அவள் கையிலிருந்த பையை வாங்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக முன்னால் ஏறிப் போனாள்.